78-ஆ, 91-ஆ? மருத்துவ உளவியல்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

பதில் அளிப்பவர்கள்: மருத்துவ உளவியலாளர் குழு

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் சொன்னபடி ஐ.க்யூ. சோதனை செய்தோம். 78 என்றார்கள். மூன்று மாதம் கழித்து வேறு இடத்தில் பார்த்தால் 91 வருகிறது. எதை நம்புவது?
- வாசகி, திண்டுக்கல்

எண்களை ஒதுக்கிவிட்டு இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். எந்தச் சோதனை என்பதே முதல் கேள்வி. நம் ஊரில் குழந்தைகளுக்கு அதிகம் பயன்படுபவை பினே-காமத், மாலின் என்ற இரண்டும். பினே-காமத் வயதுக்கு ஏற்ற கேள்விகளாக ஏறிக்கொண்டே போகும். மொழித்திறனை நிறையக் கேட்கும். மாலின் சோதனையில் வாய்மொழிப் பகுதிகள் ஆறு, கையால் செய்யும் பகுதிகள் ஐந்து. பேச்சில் தயங்கும் பிள்ளை முன்னதில் குறைவாகவும், கட்டை அடுக்குவதில் கெட்டிக்காரனாக இருந்தால் பின்னதில் கூடுதலாகவும் எடுப்பது இயல்பு. இரண்டுமே பல பத்தாண்டுகளுக்கு முன் தரப்படுத்தப்பட்டவை. பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளைகளின் எண் சற்று உயர்ந்தே வரும்.

ஒரே சோதனையைச் சில மாதங்களுக்குள் திரும்பச் செய்தாலும் எண் ஏறும். பிள்ளைக்குக் கட்டைகளும் புதிர்களும் பழகிவிடும். இதோடு அன்றைய நிலைமையும் சேர்கிறது. கண்ணாடி போடாமல் வந்தது, காலையில் சாப்பிடாதது, சளியால் காது அடைத்திருந்தது, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டது என்று ஒவ்வொன்றும் எண்ணைக் கீழே இழுக்கும். 78 என்ற எண்ணே ஒரு புள்ளி அல்ல. ஏறத்தாழ ஐந்து புள்ளி இப்படியும் அப்படியும் நகரக்கூடிய ஓர் எல்லை.

சோதனையின் பெயர், ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண், பேசிய மொழி, பிள்ளை நடந்துகொண்ட விதம், முடிவு, அடுத்து செய்ய வேண்டியது ஆகிய எல்லாம் எழுதியிருந்தால்தான் அது அறிக்கை. ஒற்றை எண்ணும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் முழு அறிக்கை கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்றாவது சோதனைக்கு இப்போது அவசரப்படாதீர்கள். முதலில் கண், காது பரிசோதனை. பிறகு இரண்டு அறிக்கைகளோடு பள்ளி நோட்டுகளையும் ஒரே உளவியலாளரிடம் கொடுங்கள். மற்றப் பகுதிகள் சரியாக இருந்து வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் தடுமாறினால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனைத் தொகுப்பு உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கியது பரவலாகப் பயன்படுகிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையில் (2024-ல் இது திருத்தப்பட்டது), முதலில் பார்வையும் கேட்கும் திறனும், அடுத்து ஐ.க்யூ. 85-க்கு மேல் இருக்கிறதா என்பது, அதன் பிறகே அந்தத் தொகுப்பு என்று இருந்தது. தனியார் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கற்றல் குறைபாட்டுக்கான அரசுச் சான்றிதழ் ஆகாது. சான்றிதழை அரசு மருத்துவக் குழுதான் தரும்.

ஒரு வேண்டுகோள்: சோதனைக் கேள்விகளை இணையத்தில் தேடிப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள். எண் ஏறும், அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவி நின்றுபோகும்.

மகள் பி.எஸ்சி. உளவியல் கடைசி ஆண்டு. மருத்துவ உளவியலாளர் ஆக என்ன படிக்க வேண்டும்? எம்.எஸ்சி. போதாதா?
- வாசகர், தஞ்சாவூர்

போதாது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மருத்துவ உளவியலாளர்' யார் என்று வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஏற்ற தகுதி வேண்டும். இதுவரையிலான வழக்கமான பாதை, உளவியலில் முதுகலை முடித்து இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். நிம்ஹான்ஸில் இதன் முன்னோடிப் படிப்பு 1955-லேயே தொடங்கிவிட்டது. எம்.ஃபில். பட்டத்தைப் பொதுவாக நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கையை நீட்டித்தது. இடையில் ஆர்.சி.ஐ. புதிய பட்டப்படிப்புகளையும் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே கல்லூரியின் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டாம். சேரும் ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் நடப்பதுதான் முக்கியம். மாணவி வார்டில் நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசி முழு விவரம் எழுதுவார். மனநிலைப் பரிசோதனை, தற்காலிக நோய்க்கணிப்பு, சோதனைகள், சிகிச்சைத் திட்டம் என்று வரிசையாகப் போகும். வழிகாட்டி அதை வரி வரியாகக் கேள்வி கேட்பார். சோர்வும் மந்தமுமாக வந்தவருக்குத் தைராய்டு பார்த்தாயிற்றா? முதியவருக்கு இரண்டே நாளில் குழப்பம் வந்ததென்றால் உடலில் தொற்று இருக்கிறதா? இந்தக் கேள்விகளைத் தவறவிட்டால் உடல் நோய்க்குப் பேச்சு சிகிச்சை செய்துகொண்டிருப்போம். புத்தகத்தில் படித்துவிட்டு நேராகப் பலகை மாட்டுபவர்களிடம் இல்லாதது இந்த மேற்பார்வைதான். மகள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உள்நோயாளி வார்டு உண்டா, குழந்தைகள் பிரிவும் போதை மீட்புப் பிரிவும் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்கட்டும். கட்டடம் புதிதா என்பது பொருட்டல்ல.

படித்து முடித்ததும் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் சேர வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவ உளவியலாளருக்குக் கிடையாது. அது மனநல மருத்துவருடைய வேலை.

என் மனைவி ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை கை கழுவுகிறார். 'கேஸை மூடினேனா' என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு மாதமாக ஒருவரிடம் கவுன்சலிங். 'பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது' என்கிறார். பலன் இல்லை.
- வாசகர், மதுரை

இந்த விவரத்தைப் பார்த்தால் ஓ.சி.டி.யாக, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யவைக்கும் நோயாக, இருக்கலாம்; நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அப்படியானால் 'ஒன்றும் ஆகாது' என்ற ஆறுதல் நோய்க்குத் தீனி. ஒவ்வொரு ஆறுதலும் பத்து நிமிடம் நிம்மதி தந்து, அடுத்த சந்தேகத்துக்கு மறுபடியும் உங்களிடமே அனுப்பும்.

இதற்குரிய சிகிச்சையில், பயம் தரும் நிலைமையை எதிர்கொள்ள வேண்டும். கை கழுவுவது, திரும்பத் திரும்பக் கேட்பது போன்ற பழகிய சடங்கைச் செய்யக் கூடாது. முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். பத்துப் பதினைந்து நிலைமைகளுக்கு 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பு: கதவுக் கைப்பிடியைத் தொடுவது 35, செருப்பைத் தொடுவது 60, குப்பைத் தொட்டி 90 என்று. 30, 40-ல் இருந்து ஆரம்பம். தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும், ஏறியது இறங்கும், இறங்காத நாளிலும் கழுவாமல் தாங்க முடிகிறது என்று தெரியவரும். இதையே வீட்டில் தினமும் செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை என்று பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் ஆகும்.

எங்கே கெடுகிறது? 90-ல் தொடங்கினால் நோயாளி அடுத்த வாரம் வரமாட்டார். பதற்றம் உச்சியில் இருக்கும்போது நிறுத்தினால் பயம் இன்னும் கெட்டியாகும். கழுவுவதை நிறுத்திவிட்டு மனதுக்குள் மந்திரம் சொன்னாலோ சானிடைசர் தடவினாலோ அதுவும் சடங்குதான். உளவியலாளர் கேட்டால்தான் வெளியே வரும். நீங்களும் ஒரே நாளில் 'இனி பதில் சொல்ல மாட்டேன்' என்று நின்றுவிடாதீர்கள். 'கேஸ் பற்றி ஒரு முறைதான் பதில்' என்று மனைவியோடு பேசி, சிகிச்சையாளர் முன்னிலையில் முடிவு செய்து, படிப்படியாகக் குறையுங்கள்.

இப்போது பார்ப்பவரிடம் கேளுங்கள்: ஓ.சி.டி.யின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரௌன் அளவுகோலில் (0 முதல் 40) தொடக்கத்தில் எவ்வளவு? இன்று எவ்வளவு? வீட்டுப் பயிற்சி என்ன? பதில் இல்லையென்றால் பதிவு பெற்ற வேறொருவரைப் பாருங்கள். மனநல மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உளவியலாளரிடம் சொன்னது அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ போகுமா?
- வாசகி, சேலம்

உங்கள் சம்மதமின்றிப் போகக் கூடாது. மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்றம் போன்ற அமைப்பின் ஆணை என்று விதிவிலக்குகள் சில உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல உளவியலாளர் இதை முதல் அமர்விலேயே விளக்குவார். விளக்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். அலுவலகம் கட்டணம் கட்டுகிறது என்றால் அவர்களுக்கு என்ன தகவல் போகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாமல் முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது: 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.