ஆர்கேட் விளையாட்டு ஜாய்ஸ்டிக் லீவர் பராமரிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

லீவரை அசைத்தாலே கீச்சுக்கீச்சென்று சத்தம் வருகிறது. என்ன போடலாம்?

பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ். பிவட்டின் (தண்டு சாய்ந்து ஆடத் தாங்கும் பாகம்) உருண்டைப் பகுதியிலும், தண்டு அதனுள் நுழையும் இடத்திலும் மட்டும். பழைய கிரீஸைத் துடைக்காமல் புதியதைப் போடாதீர்கள்.

எவ்வளவு கிரீஸ்?

தீக்குச்சித் தலை அளவு. விரலால் மெல்லத் தேய்த்த பிறகு பளபளப்பு தெரிய வேண்டும், கட்டியாகத் தெரியக் கூடாது. அதிகமானால் வழிந்து சுவிட்சுக்குள் போகும்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை மேலிருந்தே லீவருக்குள் அடித்தேன். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. இப்போது முன்பைவிட மோசம். ஏன்?

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஸ்ப்ரே 1953-ல் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டி, துருவைத் தடுக்க உருவானது. துருப்பிடித்த போல்ட்டுக்கு நல்ல சாமான்தான். ஆனால் அதில் பெரும்பங்கு கரைப்பான். ஆலையில் தடவி அனுப்பிய கிரீஸை அது கரைத்துவிடுகிறது, பிறகு ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த இரண்டு நாள் சுகம் அதனால் வந்தது. அப்புறம் தூசியும், பிளாஸ்டிக் உரசி உதிரும் பொடியும் அதில் ஒட்டிச் சாம்பல் நிறப் பசையாகிவிடும். கழற்றிப் பாருங்கள், பிவட் உட்காரும் குழியில் வளையமாகப் படிந்திருக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. ஜப்பானிய நிறுவனமான சான்வாவின் ஜேஎல்எஃப் போன்ற லீவர்களில் பிவட்டுக்கு நேர் கீழேதான், திசைக்கு ஒன்றாக, நான்கு மைக்ரோ சுவிட்சுகள். மேலே அடித்தது தண்டு வழியே அங்கேதான் இறங்கும். சிலிகான் ஸ்ப்ரே என்றாலும் இதே கதைதான். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, லீவருக்குள் எதையும் ஸ்ப்ரே செய்யாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது: அடியில் தண்டின் அசைவுக்கு எல்லை வகுக்கும் ‘கேட்’ தகட்டைக் கழற்றி, சுவிட்சுகள் உள்ள போர்டைத் தனியே எடுத்து வையுங்கள். தண்டின் அடியில் உள்ள ‘E’ வடிவ இ-கிளிப்பை நீக்கினால் ஆக்சுவேட்டர் (சுவிட்சுகளை அழுத்தும் பாகம்), ஸ்பிரிங், தண்டு, பிவட் எல்லாம் வந்துவிடும். பிளாஸ்டிக் பாகங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, புது கிரீஸ் தடவி மாட்டுங்கள். சுவிட்சின் ‘கிளிக்’ மந்தமாக இருந்தால் போர்டை மாற்ற வேண்டியதுதான்.

இ-கிளிப் பறந்துபோய்விட்டது. கம்பியை வளைத்து மாட்டலாமா?

கூடாது. அதே அளவில் புதிது வாங்குங்கள். அடுத்த முறை மேலே துணியைப் போர்த்திக்கொண்டு நெம்புங்கள்.

இடது பக்கம் சில சமயம் வேலை செய்வதில்லை. சுவிட்சுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?

எந்த மாடல் என்று எழுதியிருந்தால் நேராகச் சொல்லியிருப்பேன். எந்த மாடலானாலும் சுவிட்சுக்குள் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம்; தொடுமுனையில் படிந்தால் கோளாறு கூடும். முதலில் ஒயர் இணைப்பைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். தனித்தனி சுவிட்ச் உள்ள லீவர் என்றால் இடது சுவிட்சையும் வலது சுவிட்சையும் இடம் மாற்றி வையுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் சுவிட்ச் பழுது. நகராவிட்டால் ஒயரைப் பாருங்கள்.

கொரியன் லீவரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ள ரப்பர் இறுகிவிட்டது. வாசலின் தடவலாமா?

வேண்டாம். பெட்ரோலிய ஜெல்லி பல வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். இறுகிய ரப்பருக்கு மருந்து புது ரப்பர்தான்.

30 மி.மீ. பட்டன் அழுத்தினால் மேலே வர மறுக்கிறது.

அநேகமாக எதையோ கொட்டியிருக்கிறீர்கள். மேல்மூடியை எடுத்துச் சோப்பு நீரில் கழுவுங்கள், கிரீஸ் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

லீவர் பொருத்திய பெட்டியின் மேல் உள்ள அக்ரிலிக்கை ஆல்கஹால் கொண்டு துடைக்கலாமா?

நுண்விரிசல் விடும். ஈரத்துணியும் துளி சோப்பும் போதும்.

லீவர் தண்டின் மேலே உள்ள பந்து கழல மாட்டேன் என்கிறது. இடுக்கியால் பிடித்துத் திருகலாமா?

இடுக்கி பட்டால் பந்து முழுக்கக் கீறல்தான். தண்டின் அடி முனையில் ஒரு வெட்டு இருக்கும். அதில் தட்டை ஸ்குரூடிரைவரை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, பந்தைக் கையால் இடப்பக்கமாகச் சுழற்றுங்கள்.