மிலானுக்கு ஆங்கிலம் போதாது, தம்பி

செப்டம்பரில் மிலானுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருவதாகவும், கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே கிளப்பில் ஆட முடியுமா, பின்னால் கோச்சிங் பக்கம் போகலாமா, ஆங்கிலம் போதுமா, வாடகை எவ்வளவு, நம்மூர் அரிசி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசி கிடைக்கும். வாடகை அநியாயம், வீட்டைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நான் சொல்ல வந்தது ஆங்கிலத்தைப் பற்றி.

வகுப்பறைக்கு ஆங்கிலம் போதும். நம் பையன்கள் ஏமாறுவதே அங்கேதான். படிப்பு முடிந்து டிகிரி கைக்கு வந்திருக்கும், பேக்கரியில் ரொட்டி வாங்க இன்னும் விரலை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் ஒரே ஃப்ளாட், ஒரே சாம்பார், ஞாயிறு முழுக்க போனில் கிரிக்கெட். அப்புறம் புதிதாக வருகிறவனிடம் "இத்தாலி வேஸ்ட்டுடா, கனடா போயிருக்கலாம்" என்று உபதேசம் வேறு. அந்த ஃப்ளாட்டில் மட்டும் இடம் பிடிக்காதீர்கள்.

கிளப்பில் தாராளமாக ஆடலாம். தொழில்முறை லீக்குகளை மறந்துவிடுங்கள். வட்டார அளவில் நிறைய சின்ன அணிகள் உண்டு, பள்ளிக்கூட ஜிம்மில் ராத்திரி பயிற்சி நடக்கும். முதலில் காகித வேலை. வந்த எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் 'பெர்மெஸ்ஸோ' என்கிற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது விளையாட்டு மருத்துவரின் சான்றிதழ். அது இல்லாமல் எந்தக் கிளப்பும் களத்தில் இறக்காது. சிறுநீர்ப் பரிசோதனை, குழாயில் மூச்சை ஊதுவது, இசிஜி எல்லாம் உண்டு. இழு, பிடி, விடு என்று டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் "ஸீ, ஸீ" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிக்கொண்டு சும்மா நின்றேன். கடைசியில் மனிதர் தானே ஒரு குழாயை வாயில் வைத்து நடித்துக் காட்டினார்.

களத்தில் அப்படி யாரும் நடித்துக் காட்டமாட்டார்கள். இடது பக்கம் ஸ்க்ரீன் (வழிமறித்து நிற்கும் எதிரணிக்காரன்) வருகிறது என்று பின்னாலிருந்து ஒருவன் இத்தாலியனில் கத்துவான். உங்களுக்குப் புரிவதற்குள் நெஞ்சில் இடி விழுந்திருக்கும்.

கோச்சிங் ஆசை இருப்பதால் மைக் டான்டோனி கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மல்லன்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். 1973இல் என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீக்குக்குள் வந்தார், பெரிதாக எடுபடவில்லை. கடைசியாக ஸ்பர்ஸ் அணிக்கு இரண்டே ஆட்டம், அதோடு சரி. 1977இல் மிலானின் ஒலிம்பியா அணிக்கு வந்தார். இங்கே வருகிற அமெரிக்கர்கள் பலர் ஒரு சீசன் ஆடுவார்கள், பெட்டியை முழுசாகப் பிரிக்காமலே அடுத்த ஊருக்குப் போவார்கள். இவர் 1990 வரை அதே அணி. 5 லீக் பட்டங்கள், 1987, 1988 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை. 1989இல் இத்தாலி தேசிய அணிக்கே ஆடினார். அப்பா ஜோ பிரையன்ட் இங்கே ஆடிய காலத்தில் இத்தாலியில் வளர்ந்த, பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான கோபி, சின்ன வயதில் இவரைப் பார்த்து ரசித்தவன்.

ஆட்டத்தை விட்ட அதே 1990இல் அதே அணிக்குக் கோச். அவர் ஆடியது பாயிண்ட் கார்டாக. பாயிண்ட் கார்டு என்றால் வாய் ஓயாமல் பேசி ஆட்டத்தை நடத்துகிறவர். அத்தனை வருடம் கூடவே இத்தாலியனில் கத்தியவரை வீரர்கள் வெளியாளாகப் பார்ப்பார்களா? 1993இல் கோராச் கோப்பை என்கிற ஐரோப்பிய கிளப் கோப்பை. பிறகு இத்தாலியின் ட்ரெவிஸோ அணிக்கு 1997, 2002 லீக் பட்டங்கள். ஒரு காலத்தில் வேண்டாம் என்ற என்பிஏவே, ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியை நடத்திய விதத்துக்காக 2005இல் சிறந்த கோச் விருது கொடுத்தது.

உச்சரிப்பு வராதே என்று தயங்க வேண்டாம். 1987 கோப்பை வென்றபோது மிலானின் கோச் டான் பீட்டர்சன், அவரும் அமெரிக்கர். அச்சு அசல் அமெரிக்க வாடையோடுதான் இத்தாலியன் பேசுவார். அதே வாடையில் டிவி வர்ணனையும் செய்தார், தேநீர் விளம்பரத்திலும் வந்தார். ஊரே ரசித்தது. நீங்கள் கோச்சிங் உரிமம் எடுக்கப்போனாலும் பாடம் இத்தாலியனில்தான்.

என் இத்தாலியன் ஒரு பிட்சேரியா (பீட்சா கடை) அடுப்படியில் வந்தது. முதலாளி பழைய ஒலிம்பியா வெறியர். 1986இல் கிரேக்கத்தின் ஆரிஸ் அணியிடம் அங்கே போய் 31 புள்ளியில் தோற்று, மிலானில் 34 புள்ளியில் திருப்பிக் கொடுத்த ராத்திரி அவர் அரங்கத்தில் இருந்தாராம். மாவு பிசையும்போதெல்லாம் அதே கதை. சமையல்காரரோ லிவோர்னோ ஊர்க்காரர். 1989 லீக் இறுதியின் கடைசி ஆட்டம் லிவோர்னோவில் நடந்தது, மிலான் 86–85 என்று ஜெயித்தது. முடிவு ஒலி எழும் நேரத்தில் லிவோர்னோ போட்ட கூடையை நம்பி ஜனம் களத்துக்குள் இறங்கிக் கொண்டாடிவிட்டது. நடுவர்கள் அப்புறம் செல்லாது என்றார்கள். பந்து கையை விட்டது ஒலிக்கு முன்பா, பின்பா? சனிக்கிழமை கூட்டத்துக்கு நடுவிலும் இருவரும் அதைத்தான் பேசுவார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். முதலில் வசவு புரிந்தது, பிறகு வாக்கியம் புரிந்தது. ஒருநாள் நானும் வாயைத் திறந்து, "அந்தக் கூடை செல்லும்" என்று முழு இத்தாலியனில் சொன்னேன். சமையல்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். முதலாளி அன்றைக்குக் கடை மூடும்வரை என்னைப் பாத்திரம் கழுவ வைத்தார்.