சிஸ்டரிடம் கேளுங்கள்

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் நம் நெல்லைப் பக்கத்திலிருந்து நர்சிங் கேள்விகளாகத்தான் தபாலில் வரும். இந்த முறை படிக்கப் போகிறவர்கள், படிக்கிறவர்கள், புதிதாக டூட்டியில் சேர்ந்தவர்கள் எல்லோருமே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பதில் மட்டும் நீண்டுவிட்டது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு லோடு வேலை. மகள் பிளஸ் 2-வில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். 'ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, வேலை உறுதி' என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ஃபீஸும் கம்மி. சேர்க்கலாமா அக்கா?
— ஒரு தாய், முக்கூடல்

வேண்டாம் தாயி. நோட்டீஸை மடித்து அடுப்புக்குள் போடுங்கள்.

நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள சென்னையில் இருக்கிற தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. பதிவுக்கு வழி மூன்றுதான்: நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமோ), இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், மகப்பேறு படிப்பு). ஒரு வருடம் படித்த பிள்ளைக்கும் அதே மாதிரி சீருடை கொடுப்பார்கள், அதே ஊசியைப் போடச் சொல்வார்கள். சம்பளம் மட்டும் பாதிகூட வராது. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் முதலில் மாட்டுவதும் அந்தப் பிள்ளைதான்.

மார்க் நன்றாக இருப்பதால் முதலில் பி.எஸ்சி.க்குக் கவுன்சலிங் விண்ணப்பம் போடுங்கள். மதுரையில் அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், பணம் கட்டும் முன்பே அதற்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 'வந்துவிடும், வந்துவிடும்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாளா? அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழும். அப்புறம், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. அதற்கு உங்கள் பீடி அடையாள அட்டை வேண்டும். அது பெட்டிக்கு அடியில் கிடந்தால் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் வருடம் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கிறேன். அனாட்டமி வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். எனக்கு அழுகையாக வருகிறது.
— மாணவி, களக்காடு

தலையாட்டுகிறவர்களுக்கும் பாதி புரியாது. 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்' என்கிற கழுத்துத் தசையின் பெயரை எந்தக் கான்வென்ட்டிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது லத்தீனும் கிரேக்கமும் கலந்த பாஷை. அதில் நீங்களும் அவர்களும் ஒரே பெஞ்சுதான்.

முழுச் சொல்லையும் மனப்பாடம் பண்ணாமல் துண்டு துண்டாக உடைத்துப் படியுங்கள். 'ஹைப்பர்' என்றால் கூடுதல், 'ஹைப்போ' என்றால் குறைவு. 'டாக்கி' வேகம், 'பிராடி' மந்தம். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. இந்த மாதிரி ஐம்பது துண்டு கையில் இருந்தால் இரண்டாம் வருடப் பாடத்தில் பாதியை ஊகித்துவிடலாம். தேர்வில் நீள வாக்கியம் எழுதி மாட்டிக்கொள்ளாமல் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். படம் போட்டுப் பாகம் குறியுங்கள். இதயத்தை வரைந்து குறித்தால் அதற்கு மார்க் உண்டு, அதில் இலக்கணப் பிழைக்கு இடமும் இல்லை.

வார்டுக்குப் போகும்போது உங்கள் நாள் வரும். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து வந்த பெரியவர் 'கிறக்கமா வருது தாயி, மேலுக்கு முடியல' என்று சொன்னால், எழுந்து நடக்கவிடாமல் உட்கார வைத்து பி.பி. பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நைட் டூட்டி பார்க்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு தகப்பனார், கல்லிடைக்குறிச்சி

பயமுறுத்துகிற சொந்தக்காரர்களுக்கு ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலித்தால் யார் கையைப் பிடிப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கண்ட வரைக்கும், 'பொண்ணு ஸ்டாஃப் நர்ஸ்' என்றதும் பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தான் செய்கிறார்கள். வருகிறவர்கள் அந்தச் சம்பளத்துக்காக மட்டும் வருகிறார்களா என்பதை மட்டும் விசாரியுங்கள்.

பட்டம் முடித்து தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து மூன்றாவது வாரம். ராத்திரி நானும் இன்னொரு சிஸ்டரும்தான் ஒரு வார்டுக்கு. டிரிப்ஸ் கணக்கு, மருந்து கலப்பது எல்லாமே படித்ததுதான், ஆனால் கை நடுங்குகிறது. சந்தேகம் கேட்டால் 'நாலு வருஷம் என்ன படிச்ச?' என்கிறார்கள். அதனால் கேட்பதையே நிறுத்திவிட்டேன்.
— புது ஸ்டாஃப் நர்ஸ், வண்ணாரப்பேட்டை

கை நடுங்குவதில் எனக்குக் கவலை இல்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன் என்கிறீர்களே, அதுதான் கவலை. கேட்டதற்கு வாங்கிய திட்டு டூட்டி முடிந்து பஸ் ஏறுவதற்குள் ஆறிவிடும். கேட்காமல் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. எதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பொட்டாசியம் குளோரைடு. பார்வைக்கு டிஸ்டில்டு வாட்டர் மாதிரித் தெளிவாக இருக்கும். அதை நேரே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எப்போதும் டிரிப்ஸில் கலந்து மெதுவாகத்தான் போக வேண்டும். அந்த ஆம்ப்யூலை, அதாவது மருந்து இருக்கிற சின்னக் குப்பியை, கையில் எடுத்தால், எத்தனை சீனியராக இருந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவரிடம் லேபிளைக் காட்டி வாய்விட்டுப் படியுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது இன்சுலின். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிகப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் இன்சுலினை சிகப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட் இல்லை, 25. விடியற்காலை அந்த நோயாளி சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி நினைவில்லாமல் கிடப்பார். குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்த பிறகு இழுங்கள்.

டிரிப்ஸ் கணக்குக்கு வருகிறேன். டிரிப்ஸ் குழாய் செட் வருகிற பாக்கெட்டிலேயே ஒரு மில்லிக்கு எத்தனை துளி என்று போட்டிருக்கும். 20 துளி செட், 500 மில்லி, 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 21 துளி வரும். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் முழுக்க எண்ண நேரமில்லை என்றால் 15 நொடிக்கு ஐந்து துளி என்று வையுங்கள். அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். சொந்தக்காரர்கள் 'சீக்கிரம் முடியட்டும்' என்று துளியின் வேகத்தை மாற்றுகிற ரோலரைத் திருகிவிட்டுப் போயிருப்பார்கள், நம் ஊரில் இது சர்வசாதாரணம். குழந்தைகளுக்குப் போடுகிற மைக்ரோ செட் 60 துளி. அதில் கணக்கே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை துளி.

கடைசியாக, ராத்திரியில் டாக்டரைக் கூப்பிடுவது. புதுப் பிள்ளைகள் இதில்தான் ரொம்பத் தயங்குகிறார்கள். 'டாக்டர், பேஷண்ட் நல்லா இல்லை' என்றால் அவர் தூக்கக் கலக்கத்தில் 'சரி, பாருங்க' என்று வைத்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: '7-ஆம் பெட், 60 வயசு, காலையில குடலிறக்க ஆபரேஷன். இப்போ பி.பி. 90/60, பல்ஸ் 118, நாலு மணி நேரத்தில் யூரின் 60 மில்லிதான். நீங்க வந்து பார்க்கணும் டாக்டர்.' எண்களைக் கேட்டால் தூக்கம் தன்னால் போகும். போனில் மருந்து சொன்னால் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி 'சரிதானா டாக்டர்?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கூப்பிட்ட நேரத்தையும் கேஸ் ஷீட்டில் போடுங்கள்.

'நாலு வருஷம் என்ன படிச்ச?' என்று கேட்கிற சிஸ்டர் இருக்கிறாரே, அவரிடமே கேளுங்கள். ஆனால் கேட்கிற விதத்தை மாற்றுங்கள். 'இது எப்படி?' என்று கேட்காமல், '21 துளி வருது, சரிதானாக்கா?' என்று கேளுங்கள். கணக்குப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையைத் திட்டுவது கஷ்டம். அப்படியும் திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு பதிலையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் தருவார்களாம். சம்பளமும் ரொம்பக் குறைவு.
— பெயர் வேண்டாம், வள்ளியூர்

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினல் உங்கள் பையிலேயே திரும்ப வரட்டும். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அதன் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

சம்பளம் பற்றி: 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பேரம் பேசும்போது அந்த எண் வாயில் இருக்கட்டும். ஒரு வருட அனுபவச் சான்றிதழுக்காகக் குறைந்த சம்பளத்தில் சேர்வது புரிகிறது. அதே இடத்தில் அஞ்சு வருடம் கிடக்காதீர்கள். அரசு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. தேர்வுக்கும் கூடவே படியுங்கள்.

ஊசி போட்டுவிட்டு மூடி மாட்டும்போது விரலில் குத்திவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார் என்று சொல்லவில்லை.
— திசையன்விளை

உங்களுக்குத் தனியாக அன்றைக்கே பதில் போயாயிற்று. இது மற்றவர்களுக்கு. குத்தியதும் விரலைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று இப்போதே பாருங்கள். அப்புறம் அந்த மூடி! பயன்படுத்திய ஊசிக்கு மூடி மாட்டுவதே கூடாது. நேரே வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும்.

அடுத்த வாரம் முதல் டூட்டி. என்ன வாங்கி வைக்க வேண்டும் அக்கா?
— ஏர்வாடி

நொடி முள் உள்ள வாட்ச். செல்போனைப் பார்த்துத் துளி எண்ணினால் வாட்ஸ்அப் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்கள். சத்தம் போடாத, வழுக்காத ஷூ, அரை சைஸ் பெரியதாக, ஏனென்றால் டூட்டி முடியும்போது கால் வீங்கியிருக்கும். சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு. பேனா மூன்று, அதில் ஒன்றை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் கொண்டுபோய்விடுவார்.