ரேமை ஏற்றினேன், பிரேம் இறங்கியது

கேள்வி: என்னுடையது ரைசன் 5 5600ஜி சிபியு (பிராசஸர்). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 8 ஜிபி ரேம் இரண்டு போட்டிருந்தேன். வேலரன்ட் விளையாட்டில் நொடிக்கு 110 பிரேம் வரை வந்தது. போன மாதம் இரண்டையும் கழற்றிவிட்டு, 32 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது 70-ஐத் தாண்டவில்லை. ஜிடிஏ 5 திக்கித் திக்கி ஓடுகிறது. விண்டோஸை மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2666 என்று இருக்கிறது, ரேம் மேல் ஒட்டிய சீட்டில் 3200. கடைக்காரர் போலியைத் தலையில் கட்டிவிட்டாரா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள் தம்பி, ரேம் நல்ல ரேமாகத்தான் இருக்கும். இரண்டு இருந்த இடத்தில் ஒன்றைப் போட்டீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான்.

தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் அதற்கென்று சொந்த மெமரி இருக்கும். 5600ஜி-க்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸுக்கு அது கிடையாது. படம் வரைய வேண்டியதை எல்லாம் ரேமிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதே நேரத்தில் சிபியுவும் அதே ரேமில் கை வைக்கும். ரேஷன் கடையில் மூட்டை எத்தனை அடுக்கியிருந்தால் என்ன, எடை போடுகிறவர் ஒருவர்தான் என்றால் வரிசை நகராது. உங்களிடம் இரண்டு பேர் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூட்டையைக் கூட்டியிருக்கிறீர்கள்.

கணக்காகவே பார்த்துவிடலாம். உங்களுடையது டிடிஆர்4 வகை ரேம். ரேமுக்கும் சிபியுவுக்கும் நடுவில் இருக்கும் பாதைக்குச் சேனல் என்று பெயர், ஒரு சேனல் ஒரு தடவைக்கு 8 பைட் தரும். 3200-ல், அதாவது நொடிக்கு 320 கோடி தடவை ஓடினால், நொடிக்கு 25.6 ஜிபி. ரேம் இரண்டு போட்டால் இரண்டு சேனல், 51.2. இப்போது ஒரே சேனல், அதுவும் 2666: மொத்தம் 21.3 ஜிபி. பாதிக்கும் கீழே! விண்டோஸை இன்னும் நாலு தடவை போட்டாலும் இது மாறாது.

அந்த 2666 ஏன் என்கிறீர்களா? சீட்டில் போட்டிருக்கும் 3200 பல ரேம்களில் தானாக வராது. பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங் திரையில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். சில போர்டுகளில் டிஓசிபி என்று பெயர் போட்டிருப்பான், விஷயம் ஒன்றுதான். பழைய ரேமுக்கு யாரோ ஆன் செய்து கொடுத்திருக்கிறார்கள், புதியதற்குச் செய்யவில்லை. இன்னொன்று, சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 1333 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். அது பாதியைத்தான் காட்டும், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பழைய இரண்டு 8 ஜிபியும் அலமாரியில்தானே இருக்கின்றன? பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அவற்றையே திரும்பப் போடுங்கள். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் சிபியு பக்கத்திலிருந்து எண்ணி 2-வது, 4-வது. இரண்டே ஸ்லாட் என்றால் யோசனையே வேண்டாம். இரண்டு முனையிலும் கட்டை விரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள், கிளிப் 'டிக்' என்று விழ வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். பதறி சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பியை ஆன் செய்து, சேமித்துவிட்டு வாருங்கள்.

110 திரும்பிவிட்டதா? அப்படியானால் அந்த 32-ஐக் கடையில் கொடுத்து 16 ஜிபி ஜோடியாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மாற்ற முடியாது என்றால் அதே மாடலில் இன்னொரு 32 வாங்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் விளையாட்டுகளுக்கு 64 ஜிபி வீண் செலவு. பழைய 16-ஏ தாராளம் என்பது என் கட்சி. பழைய 8-ஐயும் புது 32-ஐயும் கலந்து போட்டால் என்ன என்று தோன்றும். ஓடலாம். 3200-ல் நிலையாக நிற்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கேள்வி: புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் பழைய மாதிரியே இழுக்கிறது. கார்டு பழுதா?
- வாசகி, மதுரை

பதில்: கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள் அம்மா. மானிட்டர் ஒயர் இன்னமும் பழைய இடத்திலேயே, மதர்போர்டில் செருகியிருக்கும். கீழே கார்டில் இருக்கும் துளைக்கு மாற்றுங்கள். அப்படியே டிஸ்ப்ளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட்டையும் (திரை நொடிக்கு எத்தனை தடவை மாறும் என்பது) பார்த்துவிடுங்கள், 144 மானிட்டர் 60-ல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

கேள்வி: ரைசன் 5 3600-க்குப் பெரிய கூலர் வாங்கி மாட்டினேன். ஐந்து நிமிடம் விளையாடினால் 95 டிகிரி, அப்புறம் வேகம் படுத்துவிடுகிறது. பழைய சின்ன கூலரே தேவலையா?
- வாசகர், கரூர்

பதில்: அந்தச் சிப்புக்கு 95-தான் எல்லை. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூலரைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று. சிரிக்காதீர்கள், நானே ஒரு வாடிக்கையாளருக்கு அதை உரிக்காமல் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் திறந்தால் தாளின் மேல், சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் அழகாகப் பரவியிருந்தது. கூலி வாங்கவில்லை. தாளை உரித்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். தாள் இல்லையென்றால் கூலர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.