கிழங்குச் சாலட் ஏன் மசியலாகிறது?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வட்டார வாசகி ஒருவர் கேட்கிறார்: "தீபாவளிக்கு வந்த விருந்தினருக்குச் சூடான உருளைக்கிழங்குச் சாலட் செய்தேன். கிளறும்போதே கிழங்கு உடைந்து மசியலாகிவிட்டது. எண்ணெய் தனியே கிண்ணத்தின் அடியில் நின்றது. எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும்?"

நிமிடக் கணக்கை விடுங்கள் அம்மா. உங்கள் கையில் குறையில்லை, கிழங்கில்தான்.

உருளையில் ஒரு வகை வெந்ததும் பொலபொலவென உதிரும். அமெரிக்க ரஸ்ஸட் அப்படித்தான். மசால் தோசைக்கு அருமை. இன்னொரு வகை வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். சாலட்டுக்கு அதுதான் வேண்டும். இதைப் பையில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? இங்கே கிழங்குக்கு ஊர்ப் பெயர்தான் உண்டு: ஹாலந்து, அமெரிக்கா, சீனா, இந்தியா. நான் ஊரைக் கேட்கவில்லையே ஐயா, வகையைக் கேட்கிறேன்! ஈரச்சந்தையில் கேட்டால், "இது சாலட் கிழங்குதான் அக்கா" என்று வலைப்பையில் கட்டிய குட்டிக் கிழங்கை இரட்டை விலைக்குத் தள்ளிவிடுவார்கள். உருவம் சின்னதாக இருந்தால் மட்டும் சாலட் கிழங்காகிவிடாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். 11 கரண்டித் தண்ணீருக்கு 1 கரண்டி உப்பு என்று கரைத்து, கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மசாலுக்கு, மிதந்தால் சாலட்டுக்கு.

எல்லாமே மூழ்கிவிட்டது, விருந்தாளிகள் வேறு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றால்? ஒரு வழி உண்டு. வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். புளிப்பு இருந்தால் காயும் கிழங்கும் சீக்கிரம் குழையாது. புளி ஊற்றியபின் காய் வேகாது என்று பாட்டி சொன்னதும் இதேதான். தோலோடு, முழுதாக, பச்சைத் தண்ணீரிலிருந்தே அடுப்பில் வையுங்கள், மெல்லக் கொதிக்கட்டும். வேக நேரம் கூடும், பொறுக்கத்தான் வேண்டும். குக்கரைத் தொடவே கூடாது. கத்தி நுழைந்ததும் வடித்து, ஐந்து நிமிடம் ஆவி போகவிட்டுத்தான் நறுக்க வேண்டும். அப்படியும் ஓரங்கள் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

அடுத்து எண்ணெய். ஒரு கிலோ கிழங்குக்கு 3 மேசைக்கரண்டி வினிகரும் உப்பும், சூடாக இருக்கும்போதே முதலில் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் கிழங்கு அதைக் குடித்துவிடும். எண்ணெயை முதலில் விட்டால் அது மேலே படிந்து வினிகரை உள்ளே விடாது. அப்புறம் 6 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயை ஒரு தேக்கரண்டி கடுகு பேஸ்ட்டோடு அடித்துச் சேருங்கள்; அந்தக் கடுகுதான் எண்ணெயைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். பேரங்காடியில் மாதிரி கொடுத்து விற்கும் டிரெஸ்ஸிங் பாட்டில்களை நம்பாதீர்கள். பலவற்றில் சீனிதான் தூக்கல்.

பார்ஸ்லி ஒரு சின்னப் பொட்டலத்துக்குக் கேட்கும் விலையில் தேக்கா சந்தையில் கை நிறையக் கொத்தமல்லியும் புதினாவும் கிடைக்கும். டாவுன் சூப் எனும் சீன செலரி இலையும் பொருந்தும். எதுவானாலும் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். வினிகரில் ஊறினால் பச்சை நிறம் மங்கிவிடும்.

நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குளிராகவே சாப்பிடுங்கள். திரும்பச் சூடாக்கினால் எண்ணெய் மறுபடி பிரிந்து நிற்கும், நீங்களும் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.