க்ரெஷில் கை-கால்-வாய் நோய்: சானிடைசர் போட்டும் ஏன் பரவுகிறது?

ஆல்கஹால் சானிடைசர் கை-கால்-வாய் நோயின் வைரஸை அவ்வளவாகக் கொல்லாது. தினமும் போட்டும் உங்கள் க்ரெஷில் மூன்றாவது குழந்தைக்குக் கொப்புளம் வந்ததில் ஆச்சரியமில்லை. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

ஆனால் எனக்கு அதைவிடச் சந்தேகம் டயபர் மாற்றும் இடத்தின் மேல்தான். கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறும். நாளைக்கு நின்று பாருங்கள்: டயபரைக் கழற்றிய கையால் ஆயா குழாயைத் திறந்து, கழுவிய கையால் அதையே மூடுகிறாரா? அப்படியென்றால் கழுவியதே வீண். டிஷ்யூ பேப்பரால் பிடித்து மூடச் சொல்லுங்கள்.

பொம்மை, பாய், மேசையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அழுக்கின் மேல் பிளீச் சரியாக வேலை செய்யாது. பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5% ஹைப்போகுளோரைட் (திரவ பிளீச்) 20 மி.லி. கலந்து தடவி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். டாய்லெட் ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் காய்ந்ததும் குழந்தை வரலாம். ஓயாத வாந்தி, உடம்பு தூக்கிப் போடுவது, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.