கேள்வி–பதில்: விரியன் கடித்தபின் சிறுநீர் நின்றால்

கேள்வி: கதிர் அறுக்கும்போது மாமாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றியதும் ரத்தம் உறையத் தொடங்கியது. ஆனால் மறுநாளே சிறுநீர் நின்றுவிட்டது. மருந்து பலிக்கவில்லையா? ஆயுள் முழுக்க டயாலிசிஸா?
– வாசகி, பெகு (பர்மா)

பதில்: மருந்து பலித்ததால்தான் ரத்தம் உறைகிறது. ஆனால் அது ரத்தத்தில் ஓடும் விஷத்தைத்தான் முறிக்கும். சிறுநீரகத்தில் விஷம் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை மாற்றாது. நுண்ணிய ரத்தக்கட்டிகள் அடைப்பதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் சேர்ந்து அதை முடக்கிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு 1 முதல் 3 வாரத்தில் சிறுநீர் திரும்பும். அதுவரை உயிரைக் காக்கத்தான் டயாலிசிஸ். சிறுநீரகத்தின் புறப்பகுதி செத்துப்போன சிலருக்கே அது நிரந்தரமாகும்.

50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மி.லி.க்கும் குறைவாக 6 மணி நேரம் போனாலே எச்சரிக்கை. யூரின் பையை மணிக்கொரு முறை பார்த்து எழுதிவையுங்கள். சிறுநீர் வரட்டுமென்று பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினால் நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். நேற்று 150 மி.லி. போயிருந்தால், அதோடு 500 கூட்டி, இன்று குடிப்பதும் ட்ரிப்ஸும் சேர்த்து 650 மி.லி. போதும், வாந்தி, பேதி போனால் அதற்கு ஈடாகக் கூட்டலாம்.

பார்க்க வருகிறவர்கள் இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். சிறுநீர் பெருகும் என்பார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், சிறுநீரில் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும். வலி மருந்துகளான டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், ஆன்டிபயாடிக்கான ஜென்டாமைசின் மூன்றும் சிறுநீரகத்துக்கு ஆகாது. வலிக்கு பாராசிட்டமால் போதும்.

ரத்தத்தில் பொட்டாசியம் 6.5ஐ (லிட்டருக்கு மில்லிமோல்) தாண்டினாலோ, மூச்சு முட்டினாலோ, அரைமயக்கம் வந்தாலோ டயாலிசிஸ் உள்ள இடத்துக்குப் போயாக வேண்டும். ஈசிஜியில் அலை கூர்மையாக எழும்பினால், அனுப்புமுன் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். அது இதயத்தைக் காக்குமே தவிர பொட்டாசியத்தைக் குறைக்காது. குறைக்க இன்சுலினும் குளுக்கோஸும் வேண்டும்.

சிறுநீர் திரும்பும்போது நாளைக்கு 3, 4 லிட்டர்கூடப் போகலாம். அப்போதும் தண்ணீரைக் குறைத்தே கொடுத்தால் மறுபடி சிக்கல்தான்.

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரியில், விரியன் விஷம் ஏறியதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையின் முடிவு சில நாள் நம்பும்படி இல்லை. ஏன்?
– ஒரு நர்ஸ், தாட்டோன்

பதில்: முதலில் குழாயைப் பாருங்கள். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைவைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கில் ஊற்றினாலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியில் ஊற்றினாலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை சாயுங்கள். சந்தேகமிருந்தால் விஷமேறாத ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கி வீட்டில் வைக்கலாமா?
– வாசகர், ரங்கூன்

பதில்: வேண்டாம். இந்திய விரியன் வேறு இனம், பர்மா விரியன் வேறு இனம். இங்குள்ள பாம்பின் விஷத்தைக் கொண்டு இங்கேயே மருந்து தயாராகிறது. அதோடு, எந்த மருந்தானாலும் ஏற்றும்போது ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம்; அந்த ஒவ்வாமைக்கான ஊசி மருந்தான அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்ற வேண்டிய மருந்து அது.